மாஸ்டரின் விளம்பரத்துக்கு ஒரு திருத்தம்

1

இந்த டிசெம்பருடன் யூ.ஏ.ஐ. என்ற மூன்று எழுத்துகளும் இங்கே ஓய்வு பெறுகின்றன. ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். சிட்னியில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கடைசியில் நூற்றுக்குள் ஓர் எண் கொடுப்பார்கள். அது பரீட்சைப் புள்ளி அல்ல. தன் வயதுப் பிள்ளைகளில் எத்தனை வீதமானோரை அவள் முந்தியிருக்கிறாள் என்று சொல்லும் எண். அதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகங்கள் இடம் கொடுக்கின்றன. இனி அதற்கு வேறு பெயராம். எண் அப்படியே இருக்கும். வீடுகளில் உள்ள பயமும் அப்படியே இருக்கும்.

செய்தியைப் படித்ததும் எனக்கு ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. அவரை இந்தக் குறிப்பில் கணக்கு மாஸ்டர் என்றே எழுதுகிறேன். பெயரை விட்டதற்குப் பெருந்தன்மை காரணம் அல்ல. சிட்னியில் உள்ளவர்களுக்குப் பெயர் போடத் தேவையில்லை. ஊரில் உள்ளவர்களுக்கு அந்தப் பெயரால் பயன் இல்லை.

ஐந்து வருஷங்களாகச் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், அந்த மனிதருக்கு அப்படிச் செய்திருக்க வேண்டுமா என்று. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

2

மெரிலேண்ட்ஸில் அவருடைய வீடு. கராஜுக்குள் காரை விடமாட்டார், கார் எப்போதும் தெருவில் நிற்கும். கராஜில் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு வெண்பலகை, மூலையில் சரஸ்வதி படம். சனிக்கிழமை காலையில் அந்தத் தெருவில் கார்கள் இரண்டு பக்கமும் நிற்கும். பிள்ளைகளை இறக்கிவிட்ட தகப்பன்மார் காரைவிட்டு இறங்காமல் பேப்பர் படிப்பார்கள்.

மாஸ்டருக்கு ஒரு முறை இருந்தது. மாதம் ஒரு சோதனை. கூடிய புள்ளி எடுத்தவர்களுக்கு முன்வரிசை, அங்கே ஹீட்டர் இருக்கும். குறைய எடுத்தவர்களுக்குக் கடைசி வரிசை, அது ரோலர் கதவை ஒட்டியது. அந்தக் கதவு நிலத்தில் முழுதாகப் படியாது. இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் அந்த இடைவெளியால் வரும் காற்று காலைக் கடிக்கும். என் மகள் ஆரணி பத்தாம் வகுப்பில் அங்கே சேர்ந்தாள். நடுவரிசையில் தொடங்கியவள், பதினோராம் வகுப்புக் குளிர்காலத்தில் கதவடிக்கு வந்துவிட்டாள். இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு போவாள்.

பதினோராம் வகுப்பு இங்கே பெற்றோருக்கும் சேர்த்துத்தான். ஊரில் நாங்கள், மொழிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்பப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைக் கூட்டிக் குறைத்த தரப்படுத்தல் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள். அதிலே பல்கலைக்கழக வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். பிறகுதான் பத்திரிகை வேலைக்குப் போனேன். இங்கே வந்தால் ஸ்கேலிங் என்கிறார்கள். எந்தப் பாடம் எடுத்தால் புள்ளி ஏறும், எது இறங்கும் என்று கோயில் கார்ப்பார்க்கில் நின்று கணக்குப் பார்க்கிறோம். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

ஆரணிக்குப் பிடித்தது பாலங்கள். சிட்னிக்கு வருகிறவர்கள் படம் எடுக்கும் பெரிய பாலம் அல்ல. கிளேட்ஸ்வில்லில் ஆற்றுக்கு மேலே ஒரே வளைவாக நிற்கும் கொங்கிரீட் பாலம். அதன்மேல் காரில் போனால் கோபித்துக்கொள்வாள். "மேலால போனா பாலம் தெரியாது அப்பா. கீழ போவம்." கீழே இறங்கி ஆற்றங்கரைப் புல்லில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். நானும் பார்ப்பேன். எனக்குக் கொங்கிரீட்தான் தெரிந்தது.

சிவில் எஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்றாள். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆகக் கடினமான கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அதைப் பழைய பெயரில் ஃபோர் யூனிட் என்பார்கள். எடுப்பதா விடுவதா என்பதைப் பதினோராம் வகுப்பு முடியுமுன் தீர்மானிக்க வேண்டும்.

3

செப்டெம்பரில் மாஸ்டர் ஒரு பெரிய சோதனை வைத்தார். அடுத்த சனிக்கிழமை நான் பிள்ளையை இறக்கிவிட்டபோது கைகாட்டிக் கூப்பிட்டார். டிரைவ்வேயில் நின்றபடியே கதைத்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"கோவியாதேங்கோ, உள்ளதைச் சொல்லுறன். பிள்ளைக்குக் கணக்கு ஏறாது."

"பள்ளிக்கூடத்தில அப்படிச் சொல்லேல்லையே மாஸ்டர்."

"பள்ளிக்கூடக்காரர் சொல்லமாட்டினம். வெள்ளைக்காரர், எல்லாத்துக்கும் குட், வெரி குட். ஃபோர் யூனிட்டை விடச் சொல்லுங்கோ. லேசான கணக்கு, ஜெனரல் மத்ஸ், அது காணும். அடுத்த கிழமையில இருந்து பிள்ளையை இங்க அனுப்ப வேண்டாம்."

"விட்டாலும் இங்க படிக்கலாம்தானே?"

அவர் தாடையைத் தடவினார். "இஞ்ச பாருங்கோ. தை மாசம் நான் என்ர ரிசல்ட் போடவேணும். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வருகினம். உங்கட பிள்ளையை வைச்சிருந்தா என்ர பேர் என்ன ஆகிறது?"

அன்றைக்கு ஆரணியோடு வேறு மூன்று பேரையும் நிறுத்தினார். நால்வரும் கடைசி வரிசை. இதுதான் அவருடைய முறை என்று பிறகு தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் கழித்துவிடுவார். மிஞ்சியவர்களின் எண்களைத் தை மாதத்தில் விளம்பரம் செய்வார். அவரிடம் படித்த யாரும் குறைந்த எண் வாங்கியதாக அந்த விளம்பரத்தில் இருக்காது. இருக்க வழியில்லை.

இவ்வளவோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

இரண்டு கிழமை கழித்து லிட்கம்மில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் எங்களுக்கு நாலு பேர் முன்னால் மாஸ்டர் நின்றார். யாரோ ஒருவர் தன் மகளைப் பற்றி ஆலோசனை கேட்டார். மாஸ்டர் குரலைத் தாழ்த்தத் தெரியாதவர்.

"எல்லாருக்கும் எல்லாம் ஏறாது. இப்ப இவர்ர மகளைப் பாருங்கோ." என்னை நோக்கிக் கரண்டியை நீட்டினார். "நான் என்ன சொன்னனான்? சைல்ட் கெயார் செய்யட்டும். சின்னப் பிள்ளையளோட நல்லாச் சேருவா. அங்க ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணத் தெரிஞ்சால் காணும்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. எத்தனை பேர் சிரித்தார்கள், யார் யார் என்பது எனக்கு இன்றும் தெரியும். குழந்தைகளைப் பார்ப்பது கேவலமான வேலை அல்ல, என் மனைவி கமலா இந்த நாட்டில் முதலில் செய்தது அந்த வேலைதான். அவளும் அந்த வரிசையில் தட்டோடு நின்றாள். ஆரணி எனக்குப் பின்னால் நின்றாள். தன் தட்டில் இருந்த வடையைத் திரும்ப எடுத்துப் பரிமாறும் தட்டத்தில் வைத்தாள். "நான் கார்ல இருக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கமலா மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: "இனி உந்தாளின்ர தெருவாலே காரைக் கொண்டு போகாதேங்கோ." அன்று முதல் நாங்கள் கோயிலுக்குச் சுற்றுப் பாதையில் போனோம்.

4

நான் வேலை செய்த தினசரி யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஊரடங்குக்கு முன் பேப்பரை அச்சேற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் எத்தனையோ பிழைகள் போகும். ஆனால் திருத்தம் போடுவதில் எங்கள் ஆசிரியர் கண்டிப்பானவர்.

ஒருமுறை ஒரு கடை முதலாளி தன் மகளின் கல்யாண நன்றி அறிவித்தலில் தன் பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று போடுவித்தார். சமாதான நீதவான் பட்டம். அவருக்கு அது கிடைத்திருக்கவில்லை, கிடைக்கப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். யாரோ முறையிட்டார்கள். அடுத்த கிழமை ஒரு சிறு பெட்டியில் ஒரு வரி போட்டோம்: இன்னார் சமாதான நீதவான் அல்லர், தவறுக்கு வருந்துகிறோம். அறிவித்தல் கால் பக்கம், அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்த ஒரு வரியை வெட்டிச் சந்தியில் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அவரை ஊரில் "அல்லர்" என்றே அழைத்தார்கள்.

சிட்னியில் நான் லிட்கம்மில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தொழில் உண்டு. மளிகைக் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாதப் பத்திரிகை ஒன்றுக்கு மெய்ப்புப் பார்ப்பேன். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பிழை திருத்தும் வேலை. அதை நடத்துபவர் ஜோசப், மலேசியாவிலிருந்து மாணவராக வந்து கணக்காய்வாளராக ஆனவர். அவருடைய சாப்பாட்டு மேசைதான் எங்கள் அலுவலகம். மாஸ்டரின் தை மாத விளம்பரமும் ஒவ்வொரு வருஷமும் அந்த மேசைக்கு வரும். எழுத்துப் பிழையோடு வரும், நான் திருத்திக் கொடுப்பேன்.

5

ஆரணி ஃபோர் யூனிட்டை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுடைய கணக்கு ஆசிரியை ஒரு கிரேக்கப் பெண். பெற்றோர் சந்திப்பில் என்னிடம் சொன்னார்: உங்கள் மகள் மெதுவாகச் செய்கிறாள், ஆனால் பிழையாகச் செய்வதில்லை, வேகத்தைப் பயிற்சியால் கொண்டுவரலாம். மதிய இடைவேளைகளில் தன் சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டே அவளுக்குப் பழைய வினாத்தாள்களைச் செய்யக் கொடுத்தார். மாஸ்டர் சோதித்தது வேகத்தை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டில் அந்த ஒரு வருஷம் தமிழ் குறைந்துபோனது. கேட்டதற்கு "ம்" என்பாள், இல்லாவிட்டால் "ஐம் ஃபைன்" என்பாள். குசினி மேசையில் தாள்கள் இருந்ததால் நாங்கள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். ஒருநாள் கமலா கேட்டாள், "பிள்ளை, களைச்சால் விடு. சிவில் இல்லாட்டி என்ன?" ஆரணி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அம்மா, அந்தாள் கரண்டியால காட்டினது."

அதன் பிறகு நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் தொலைபேசி அடிக்கும். முதலில் வெயிலைப் பற்றிக் கதைப்பார்கள், பிறகு முழங்கால் நோவைப் பற்றி, பிறகு "அப்ப உங்கட பிள்ளைக்கு எவ்வளவு?" ஆரணிக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல். விரும்பிய இடம் கிடைக்கும் என்பது உறுதியாகிவிட்டது. அன்றைக்குக் கேட்ட எல்லோருக்கும் கமலா தசம புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணையும் சேர்த்துச் சொன்னாள். வரிசையில் சிரித்தவர்களுக்குத் தானாகவே போன் எடுத்துச் சொன்னாள்.

மாஸ்டருக்கும் அந்தச் செய்தி போயிருக்கிறது. எப்படிப் போனது என்பதை ஜோசப்பின் மேசையில் பார்த்தேன்.

தை மாத இதழின் மெய்ப்பு. பின்னட்டை முழுவதும் மாஸ்டரின் விளம்பரம். "எமது மாணவச் செல்வங்களின் மகத்தான சாதனை." மூன்று வரிசையாக முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் எண். மேல்வரிசையில் இடமிருந்து மூன்றாவது என் மகள். நெற்றியில் திருநீறு, பல்லில் கம்பி. அது பத்தாம் வகுப்பில் கராஜில் நடந்த சரஸ்வதி பூசையில் எடுத்த படம். கம்பியைக் கழற்றி ஒன்றரை வருஷமாகிவிட்டது.

ஜோசப் எட்டிப் பார்த்தார். "என்னா சார் இது, உங்க பொண்ணுதானே? அவர்கிட்ட படிக்கலன்னு சொன்னீங்க?"

"படிக்கேல்லை. வகுப்பால கலைச்சுவிட்டவர்."

"அப்ப எடுத்திரவா? இப்பவே மாஸ்டருக்கு போன் போட்டுச் சொல்லிர்றேன் லா, அந்தப் பொண்ணு படத்த எடுத்துட்டோம்னு."

"பொறுங்கோ. இதை ஒருக்கா வீட்டில காட்டிப்போட்டு வாறன்."

ஆரணி பின்வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். முதலில் சிரித்தாள். "ஓ மை காட், மை பிரேசஸ்." பிறகு எழுத்துக்கூட்டி மேலே இருந்த வரியை வாசித்தாள். "எமது... மாணவ... ஹிஸ் ஸ்டூடன்ட்ஸ்?" முகம் மாறியது.

"எடுக்கச் சொல்லலாம்" என்றேன். "ஜோசப் அங்கிள் எடுக்கிறன் எண்டவர்."

"எடுத்தால் ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு, ஜோசப்புக்கு, மாஸ்டருக்கு."

"எடுக்காட்டி?"

"எல்லாரும் பாப்பினம். பொய் எண்டு ஆருக்கும் தெரியாது. ஆனா பிழை அச்சில வந்தால், பத்திரிகை அடுத்த மாசம் திருத்தம் போடவேணும். அது முறை."

அவள் கையில் இருந்த துணிக்கவ்வியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். என் தொழிலைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

"அப்ப விடுங்கோ. லெட் ஹிம் பிரின்ட் இட்."

ஜோசப்புக்கு அது பிடிக்கவில்லை. "ஏன் சார், பிழைன்னு தெரிஞ்சும் விடறதா? நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க?" நான் அவரிடம் வரிசையையும் கரண்டியையும் சொன்னேன். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு பக்கத்தை அச்சுக்குப் போகும் தாள்களோடு சேர்த்து வைத்தார்.

அந்த விளம்பரத்தில் வேறு இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்தேன்.

6

அடுத்த இதழுக்கான திருத்தத்தை நான் முதலில் எழுதியபோது அரைப் பக்கம் வந்தது. "அப்பட்டமான பொய்" என்றும் "வெட்கமற்ற செயல்" என்றும் எழுதியிருந்தேன். பத்திரிகைக்காரனாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன், அப்பனாக இருந்து எழுதினேன். ஆரணி சிவப்புப் பேனாவோடு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பட்டமான எண்டால்?"

"பச்சையாத் தெரியிற பொய்."

"தெரிஞ்சால் ஏன் சொல்லவேணும்? வெட்டுங்கோ." வெட்டினாள். "வெட்கம்... இதுவும் வேண்டாம்." அதையும் வெட்டினாள். நான் மரியாதைக்காக "விலகியவர்" என்று எழுதிய இடத்தில் பேனா நின்றது. "ஐ டிட்ன்ட் லீவ், அப்பா. அவர்தான் போகச் சொன்னவர்." சொல்லை மாற்றினேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

திருத்தம்: சென்ற இதழின் பின்னட்டை விளம்பரத்தில் மேல்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக உள்ள மாணவி, அந்த வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பில் வெளியேற்றப்பட்டவர். அவருடைய பெறுபேறு அந்த வகுப்புக்கு உரியதன்று. தவறுக்கு வருந்துகிறோம்.

இதழ் கடைகளுக்குப் போன அன்றே மாஸ்டர் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"ஐசே, என்ன வேலை பார்த்திருக்கிறீர்?"

"சொல்லுங்கோ மாஸ்டர். அதில ஏதும் பிழை இருக்கோ?"

"பிழையோ? என்ர பேரைக் கெடுத்துப்போட்டு..."

"உங்கட பேர் அதில இல்லை மாஸ்டர். பிள்ளையைக் கலைச்சது பொய்யெண்டால் எழுதித் தாங்கோ. அடுத்த மாசம் அதுக்கும் திருத்தம் போடுவம்."

"உம்மட பிள்ளைக்கு அடித்தளம் போட்டது நான்."

"ஓம் மாஸ்டர், கதவடியில." நான் அவசரப்படவில்லை. "எண்ணத் தெரிஞ்சால் காணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எண்ணிப் பார்த்துத்தான் மூன்றாவது எண்டு போட்டனாங்கள்."

போனை வைத்துவிட்டார். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்பாராதது பிறகு நடந்தது. புதன்கிழமை ஒருவர் அழைத்தார், முன்பின் தெரியாதவர். "அண்ணை, போன வருஷ விளம்பரத்தில எங்கட மகன்ர படமும் வந்தது. அவனையும் பாதியில கலைச்சவர். பழசுக்கும் திருத்தம் போடலாமோ?" போடலாம் என்றேன். பெற்றோரிடம் எழுதி வாங்கிச் சரிபார்த்தபின் போட்டோம். அதைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். கலைக்கப்பட்டதை அத்தனை வீடுகளிலும் வெளியில் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு எங்கள் பத்திரிகையில் திருத்தப் பெட்டி, ராசிபலனைவிட ஆவலாகப் படிக்கப்பட்டது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நடை. எதிலும் அடைமொழி இல்லை. ஆரணி ஒவ்வொன்றையும் அச்சுக்கு முன் பார்த்தாள். அதனால் அவளுடைய தமிழ் வாசிப்பு சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் முன்னேறாத அளவுக்கு முன்னேறியது.

அவளோடு வெளியேற்றப்பட்ட மூவரில் ஒரு பெண், மாஸ்டர் சொன்னதை நம்பிக் கணக்கைக் கைவிட்டவள். கேட்ட படிப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குப் போடுவதற்குத் திருத்தம் எதுவும் இல்லை. மன்னித்திருக்கலாமே என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அவளைப் பற்றித்தான் சொல்வேன்.

அடுத்த தை மாதம் பின்னட்டைக்கு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது.

ஆரணி இப்போது பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறாள். வேறு பகுதியில் தனியாக வசிக்கிறாள், கிழமைக்கு ஒருமுறை வருவாள். யூ.ஏ.ஐ. செய்தி வந்த சனிக்கிழமை காலை அவள்தான் கார் ஓட்டினாள், கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழக்கமாகச் சுற்றும் இடத்தில் அவள் சுற்றவில்லை. நேரே விட்டாள்.

"எங்க பிள்ளை போறாய்?" என்றாள் பின்னால் இருந்த கமலா.

பதில் சொல்லாமல் மாஸ்டரின் வீட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள். தெருவில் கார்கள் இல்லை. ரோலர் கதவு திறந்திருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளைக் காணவில்லை. உள்ளே அவருடைய பழைய வெள்ளைக் கார், மூக்கைச் சுவரில் முட்டாத குறையாக நின்றது.

ஆரணி நன்றாகப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கமலா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"குட்" என்றாள் ஆரணி. "அதுக்குத்தானே கராஜ்."

பிறகு கோயிலுக்குப் போனோம். இப்போது அந்த வழியாலேதான் போகிறோம்.